என்னை அதிகம் பார்த்தவர்

தன்னை யார் அடிக்கடி பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படாத மனுஷி யாராவது இருந்தால் என் முன்னால் வந்து நிற்கட்டும். நான் ஆசைப்பட்டேன், மறைக்கவில்லை. முப்பத்தொரு வயதில் கல்யாணம் ஆகாமல், தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு, தன் முகத்தை யாராவது இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கேட்கக்கூடப் பாத்தியதை இல்லையா? அந்த ஒரு ஆசையைப் பிடித்துக்கொண்டு என் அக்காவின் குடும்பத்தைக் கோயில் வாசலில் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தோட்டம் பெல்மதுளையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் நாங்கள் குடியிருக்கிற லயங்கள். பொம்பளைகள் காலையில் கொழுந்தெடுக்கப் போகும் முன் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் குடிக்கிற பிள்ளை முதல் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை வரைக்கும் இருபது உருப்படி. சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும் வரை அந்த இருபதுக்கும் நான்தான் அம்மா, நான்தான் டாக்டர், நான்தான் போலீஸ்.

போனில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. இந்தக் காலத்தில் யாருக்கு இல்லை? தீபாவளிக்குச் சீலை கட்டினால் ஒரு படம், பொங்கலுக்கு ஒன்று. மற்றபடி நான் போடுவதெல்லாம் பிள்ளைகளின் படம்தான். சோறு தின்கிற படம், வரிசையாகப் படுத்துத் தூங்குகிற படம், ஒன்று இன்னொன்றின் காதைக் கடிக்கிற படம். அப்பன்மார் பாதிப் பேர் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், மீதிப் பேர் மாணிக்கக் குழியில் இறங்குகிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை முகம் பார்க்க அதுதான் வழி. ஒரு நாள் ஒரு பிள்ளையை விட்டுவிட்டால் போதும், மறுநாள் அதன் அம்மா கூடையோடு வந்து நின்று, "எம் புள்ள ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?" என்று சண்டைக்கு வருவாள்.

அந்த இருபதில் ஒன்று என் அக்காவின் மகள். மூன்று வயது. அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிற மூன்று பேர் மட்டும்தான். அக்காவின் புருஷன், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், கலவானைப் பக்கம் ஒரு மாணிக்கக் குழியில் வேலை செய்கிறார். திங்கட்கிழமை காலையில் போனால் சனிக்கிழமைதான் வீடு. குழிக்குப் பக்கத்துக் குடிலில் படுத்துக்கொண்டு என் பக்கத்தில் மகளின் படத்தைப் பார்ப்பார், பார்த்ததற்கு அடையாளமாக ஒரு ஹார்ட் போடுவார். எல்லாப் படத்துக்கும் போடுவார். வஞ்சனை இல்லாத மனுஷன்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லயத்தில் கல்யாணமான பொம்பளை தனக்கென்று ஒரு பக்கம் திறந்தால், "எதுக்காம்?" என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் அவர்கள் புருஷன் பேரில் உள்ள பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மச்சான் புதுப் போன் வாங்கியதும் கண்ணாடி வெடித்த பழைய போனை அக்காவிடம் விட்டுவிட்டார். அதிலும் அவர் பக்கம்தான் ஓடுகிறது. கடைசிக் காம்பரா அத்தை என் படத்துக்கு, "அழகா இருக்கடி" என்று எழுதினால் அது மாமா பேரில்தான் வரும். மாமா பேரைப் பார்த்ததும் அத்தைதான் எழுதியிருக்கிறாள் என்று நாங்கள் விளங்கிக்கொள்வோம். அதை ஒருவரும் தப்பாக எடுத்ததே இல்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தோட்டத்தில் எங்கள் பகுதியான டிவிஷனின் குரூப்பில் ஒரு லிங்க் வந்தது. நாளைக்கு எந்த மலையில் கொழுந்து, எப்போது தண்ணீர் நிற்கும், யார் வீட்டில் சாவு என்று சொல்வதற்காக வைத்திருக்கிற குரூப் அது. அதில் யாரோ ஒருத்தி, 'உங்கள் புரொபைலை அதிகம் பார்ப்பவர் யார்? அறிய அழுத்துங்கள்' என்று அனுப்பியிருந்தாள். அழுத்தினேன். அதைக் கொடு, இதைக் கொடு என்று கேட்டது. படித்தா பார்த்தேன், எல்லாவற்றுக்கும் சரி சரி என்று கொடுத்தேன். ஒரு சக்கரம் சுற்றியது. அது சுற்றிய அந்தக் கொஞ்ச நேரம் நான் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் மனசில் ஒரு பேர் இருந்தது. அது யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, அது என் சொந்த விஷயம்.

சக்கரம் நின்றது. ஐந்து முகம் வந்தது. முதல் முகம் மச்சான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளையைப் பார்க்க வருகிற மனுஷன் முதலில் வராமல் வேறு யார் வருவார் என்று நினைத்தேன். நான் நினைத்த பேர் ஐந்திலும் இல்லை என்பதில் கொஞ்சம் மனசு சுருங்கியது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஈரம் பண்ணிவிட்டு அழுத பிள்ளைக்குத் துணி மாற்றப் போய்விட்டேன். அந்தச் சனியன் என்னைக் கேட்காமலே என் பக்கத்தில் அதை ஒட்டிவைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மச்சானின் முகத்தைச் சிவப்பு இதயத்துக்குள் வைத்து, சுற்றிலும் பூப்போட்டு, 'என்னை அதிகம் பார்ப்பவர், என் இதயத்துக்கு நெருக்கமானவர்' என்று நானே எழுதின மாதிரி போட்டிருந்தது.

சாயங்காலம் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் அது. அங்கே பேச்சு நிற்பதென்றால் ஒன்று பாம்பு வந்திருக்க வேண்டும், இல்லை பேசப்பட்ட ஆள் வந்திருக்க வேண்டும். நான் போனதும் நின்றது.

"என்னடி, மச்சானுக்கு ஒன் மொகத்த விட்டா வேற மொகமே தெரியாதாமே?" என்றாள் ஒருத்தி.

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தி தன் புருஷன் போனை நீட்டிக் காட்டினாள். காட்டும்போதுதான் பார்த்தேன், என் அக்காவும் அங்கே வாளியோடு நின்றாள். பாதி நிறைந்த வாளியை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

எங்கள் ஆட்களுக்கு மச்சினிச்சி என்றால் ஒரு நினைப்பு இருக்கிறது. அவளைக் கேலி பண்ணலாம், கிள்ளலாம், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்கலாம். அக்காவைக் கட்டினவனே தங்கச்சியையும் கட்டின வீடுகள் இந்த மலையில் உண்டு. அதனால் ஊருக்கு இந்தக் கதையை நம்பக் கஷ்டமே இல்லை. நான் அழிப்பதற்குள் பத்துப் பேர் அதைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி கையிலும் அது இருந்தது. கதைக்குக் கையும் காலும் வைத்துவிட்டார்கள். நான் மாணிக்கக் குழிக்கே போய் வந்தேனாம். போன மாதம் பெல்மதுளையில் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்த ஆள்கூட இருந்ததாம்.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, அது பொய்க்கா. அதுவா போட்டுக்கிச்சு. நான் போடல."

"போனுக்கு எம்மேல என்ன கோவம், பொய் சொல்ல?" என்றாள் உள்ளேயிருந்து. கதவைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பிள்ளையையும் என்னிடம் விடவில்லை. கொழுந்து மலைக்கே தூக்கிக்கொண்டு போய், கங்காணியிடம் ஏச்சு வாங்கினாளாம்.

கூடப் பிறந்தவளை நம்பாமல் ஒரு கண்ணாடித் துண்டை நம்புகிறாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, பெல்மதுளைக்கு பஸ் ஏறினேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற கடை ஒன்றை ஒரு சிங்களப் பொம்பளை நடத்துகிறாள். என் வயதுதான் இருக்கும். நடந்ததையெல்லாம் சிங்களத்தில் கொட்டினேன். அவள் என் போனை வாங்கி இரண்டு நிமிஷம் தட்டிப் பார்த்தாள்.

"அனே நங்கி, மேவா ஒக்கொம பொரு," என்றாள். எல்லாம் பொய் தங்கச்சி என்கிறாள். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று வெளியாள் எவனாலும் சொல்ல முடியாதாம். நம் கூட்டாளிமாரின் பெயர்களிலிருந்து தன் இஷ்டத்துக்கு ஐந்து முகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, நம் கணக்குக்குள் நுழைந்துகொள்கிற திருட்டு வேலையாம். உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, அதையும் அவளே மாற்றிக் கொடுத்தாள். அவள் சொன்னதை மறுபடி ஒரு தரம் சொல்லச் சொல்லி போனில் பதிந்துகொண்டேன். எங்கள் லயத்தில் சிங்களம் தெரியாத ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அதைப் போட்டேன். கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கடைசிக் காம்பரா அத்தை சொன்னாள்:

"அவ கடைக்காரி. நம்ம லயத்து வெவகாரம் அவளுக்கு என்ன தெரியும்?"

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

சனிக்கிழமை மச்சான் வந்தார். குழி வேலைச் சேறு காய்ந்த காலோடு, மகளுக்கு பிஸ்கட் பாக்கெட்டும் கையுமாக வந்த மனுஷனின் துணிப்பையை அக்கா வாசற்படியில் எடுத்து வைத்திருந்தாள். அவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. அந்தப் படத்தைக் குழியிலிருந்தே பார்த்திருக்கிறார். பிள்ளைகளின் படம் பார்க்கிறவர்களுக்கு நான் புதுசாக ஏதோ நன்றி சொல்கிறேன் என்று நினைத்து, அதற்கும் ஒரு ஹார்ட் போட்டிருந்தார் அந்தப் புண்ணியவான். ஊருக்கு அது போதாதா?

அக்கா உள்ளே விடவில்லை. அவர் சத்தம் போடவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். டிவிஷன் தலைவர் வந்து பார்த்தார். சங்க வேலை, கோயில் வேலை, புருஷன் பெஞ்சாதி சண்டை எல்லாம் அவர்தான் பார்க்கிறது. "நாளைக்கு ஞாயித்துக்கெழம. அம்மன் முன்னுக்குப் பேசித் தீத்துக்குவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தோட்டத்தில் பேசித் தீர்ப்பதென்றால் கடைசியில் சூடத்துக்குத்தான் வரும். கோழி காணாமல் போனாலும் சரி, யார் மேலாவது அபாண்டம் விழுந்தாலும் சரி, மாரியம்மன் முன்னால் சூடம் கொளுத்தி வைப்பார்கள். பழி விழுந்த ஆள் தான் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்குப் பிறகு ஊரில் ஒரு வாய் அதைப் பேசக் கூடாது. அதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. மச்சான் அணைத்துவிடுவார், அக்கா கதவைத் திறந்துவிடுவாள், இத்தோடு ஒழிந்தது என்று நிம்மதியாகத்தான் நானும் போனேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் வாசல் நிறைந்துவிட்டது. சம்பள நாளில்கூட இத்தனை பேர் நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அக்கா பொம்பளைகள் பக்கம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. அப்பாவைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டே இருந்தது, அக்கா விடவில்லை. பூசாரி வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

தலைவர் மச்சானைப் பார்த்துச் சொன்னார்: "இந்தா பாரு. பெரிசா ஒண்ணும் இல்ல. எம் மச்சினிச்சி படத்த நான் பாக்கலன்னு சொல்லி அணைச்சிரு. முடிஞ்சிது. பொண்டாட்டிய கூட்டிக்கிட்டுப் போ."

மச்சான் முன்னால் வந்தார். கையை நீட்டினார். நீட்டின கை சூடத்துக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"பாக்கலன்னு சொல்ல முடியாதுங்க," என்றார். "பாத்தேன்."

கூட்டம் ஒரு மூச்சு விட்டது பாருங்கள், அது என் காதில் இன்னும் இருக்கிறது.

"தெனமும் பாத்தேங்க. அங்க எம் புள்ள படம் வரும். சோறு திங்கிறதப் பாப்பேன், தூங்குறதப் பாப்பேன். அது ஒடம்பு நல்லா இருக்கான்னு பாப்பேன். இவ தங்கச்சி படமும் நடுவுல வரும். கண்ணுல பட்டிச்சு, பாத்தேன். தப்பா பாக்கலன்னு சொல்லி அணைக்கிறேங்க. இப்பவே அணைக்கிறேன்."

"அப்பிடியெல்லாம் சத்தியத்த மாத்த ஏலாது," என்றார் தலைவர். "பாத்தியா இல்லியா, அதான் கேள்வி."

அதுவா கேள்வி? மூன்று வயதுப் பிள்ளையின் அப்பன் பிள்ளையைப் பார்த்தானா என்பதா கேள்வி? பொய் சொல்ல மனசில்லாமல் கையை இழுத்துக்கொண்டவன் குற்றவாளி. கை சுட்டாலும் பரவாயில்லை என்று பொய்ச் சத்தியம் பண்ணியிருந்தால் உத்தமன். அவர் அன்றைக்கு அப்படி ஒரு பொய் சொல்லியிருந்தால் ஊரே தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். கோயில் திருவிழா வரைக்கும் மச்சான் கீழ் டிவிஷனில் தன் தம்பி வீட்டில் இருக்க வேண்டும். சனி ஞாயிறும் அங்கேதான். லயத்துப் பக்கம் வரக் கூடாது. அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திருவிழாவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

என்னால் அடக்க முடியவில்லை. எழுந்து நடுவில் போய் நின்றேன்.

"அந்தப் போன் சொன்னதே பொய்யின்னு கடைக்காரம்மா சொன்னத எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். அத விடுங்க. மச்சான் பேருல அவரு மட்டுமா பாக்குறாரு? பழைய போன் வீட்டுல அக்கா கையில இருக்கு. அக்காவும் அந்தப் பேருலதான பாக்குறா? இங்க இருக்கிற எல்லாப் பொம்பளையும் புருஷன் பேருலதான பாக்குறீங்க?"

பொம்பளைகள் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். "சொல்லுக்கா. நீ பாக்குறதில்லியா?"

அக்கா தரையைப் பார்த்தாள். பிள்ளையின் தலையைத் தடவினாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"சரி. பாத்தது குத்தமின்னா, பாக்காதவங்க வாங்க. என் படத்த ஒருநாளும் பாக்காத ஆம்பள இந்த டிவிஷன்ல யாரு? வந்து இந்தச் சூடத்த அணைங்க. தலைவரே, நீங்க மொதல்ல வாங்க."

"என்ன புள்ள, பெரிய மனுஷன்னு ஒரு மருவாதி இல்லாம..."

"தீவாளிக்கு நான் சீல கட்டின படத்துக்கு நீங்க போட்ட லைக் இன்னும் அப்பிடியே இருக்குங்க. நான் அழிக்கல."

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கங்காணியைப் பார்த்தேன். அவருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கடைசிக் காம்பரா மாமா செருப்பைத் தேடினார். இளவட்டங்கள் கூரையைப் பார்த்தார்கள். சூடம் எரிந்துகொண்டே இருந்தது, ஒரு கை வரவில்லை. அது தானாக எரிந்து அடங்கியது. பூசாரி என்ன நினைத்தாரோ, இன்னொரு துண்டை வைத்துக் கொளுத்தினார். அதுவும் எரிந்து முடிந்தது. பூசாரியும் அணைக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அக்கா எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மண்டபத்துப் படியில் கிடந்த மச்சானின் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் லயத்துப் பக்கம் நடந்தாள். மச்சான் அவள் பின்னால் போனார். தலைவர் தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பார்?

அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்த பொம்பளைகள் ஒன்றும் நடக்காத மாதிரி பிள்ளைகளை என் கையில் கொடுத்தார்கள். "நாங்க அப்பவே நெனச்சோம், அது பொய்யாத்தான் இருக்குமின்னு," என்றாள் பீலியில் என்னைக் கேலி பண்ணினவள். ஒருத்தி சேர்த்துச் சொன்னாள்: "ஆனா இனிமே எங்க புள்ளைங்க படத்தப் போடாத புள்ள. எதுக்கு வம்பு?" மற்றவர்களும் தலையாட்டினார்கள். மன்னிப்பு என்கிற சொல் யார் வாயிலும் வரவில்லை. நெருப்பை வைத்ததும் இவர்கள், புகை நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொள்வதும் இவர்கள். நான் அன்றோடு பிள்ளைகளின் படம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் அக்கா என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தேன்," என்றாள்.

"என்னத்த?"

"ஒன் பக்கத்த. பழைய போன்ல. தெனமும் பாத்தேன். வேலையால வந்தா மொத வேல அதான்."

"எதுக்கு?"

"அவரு ஒன் படத்துக்கு ஹார்ட் போட்டிருக்காரான்னு பாக்க."

"அப்ப நேத்து அங்க வாயத் தெறந்து அத சொல்லியிருக்கலாமே அக்கா? அவர அத்தன பேருக்கு முன்னால நிக்க வச்சியே?"

"என்னன்னு சொல்றது? எம் புருஷனையும் எந் தங்கச்சியையும் சந்தேகப்பட்டு நாந்தான் தெனமும் வேவு பாத்தேன்னா?" அவள் கை நிலையை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் கொழுந்துக் கறையில் கறுத்திருந்தன. "நீ சீல கட்டி, பூ வச்சிக்கிட்டு நிக்கிற. நான் மழைக்கு இடுப்புல படங்குச் சாக்கக் கட்டிக்கிட்டு அட்டைக்கடி வாங்கிட்டு வந்து அதப் பாக்குறேன். சந்தேகம் வராதா?"

"வரலாம். எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். போய்விட்டாள். நான் அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு பேசினேன், கூடப் பிறந்தவளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? ஆனால் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் இருக்கிறது. ஊர் மேல் இருக்கிறது, அக்கா மேல் இருக்கிறது, அந்தச் சக்கரம் சுற்றும்போது வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்த என் மேலும் இருக்கிறது.

இப்போது மச்சான் திங்கட்கிழமை காலையில் குழிக்குப் போகும் வழியில் அவரே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார். முன்பெல்லாம் உள்ளே வந்து, மற்றப் பிள்ளைகளையும் தூக்கிச் சுற்றிவிட்டு, "ஏ வாயாடி, எம் மகள அடிச்சியோ தொலச்சிருவேன்," என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். இப்போது கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்புகிறார்.

போன திங்கட்கிழமை நான் கேட்டுக்கே போனேன்.

"மச்சான், புள்ள படத்த ஒங்க போனுக்கு மட்டும் அனுப்பவா? வேற யாரும் பாக்க மாட்டாங்க. தெனமும் ஒண்ணு."

அவர் கேட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேணாங்க. ஒங்களுக்கு எதுக்குங்க வீண் பேச்சு."

பிறகு பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டார். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை வரைக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிற மாதிரி அந்த முகத்தையே பார்த்தார். பஸ் ஹாரன் கேட்டது. எழுந்து, என்னை நிமிர்ந்து பார்க்காமலே போய்விட்டார்.